யாரும் கேட்காத கேள்வி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. பேச்சுப் போட்டிகளில் இதை நானே பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தப் பழமொழிக்குள் ஓர் ஆறுதலும் ஒளிந்திருக்கிறது. எதுவும் அளவோடு இருந்தால் ஆபத்தில்லை என்பதுதான் அந்த ஆறுதல். ஓர் உலோகத்தைப் பொறுத்தவரையில் அந்த ஆறுதலுக்கு இடமே இல்லை. அதுதான் ஈயம். இவ்வளவு வரை உடம்பில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்திற்குத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதை நம்மில் சிலர் படித்திருப்போம். ஆனால் பல ஆண்டுகள் சிறுகச் சிறுக உடலில் சேரும் ஈயம் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கெடுக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் தாத்தாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகே தெரிந்துகொண்டேன்.

என் தாத்தா ஓர் அச்சகத்தில் 1960 முதல் 1994 வரை, 34 ஆண்டுகள், கம்பாசிட்டராக வேலை பார்த்தவர். இன்று நம் ஆண்டு மலரைக் கணினியில் தட்டச்சு செய்து அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்நாளில் அப்படியில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு உலோகத் துண்டு. அதை 'டைப்' என்பார்கள். அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியிலிருந்து அந்த டைப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையிலுள்ள 'ஸ்டிக்'கில் வரி வரியாக அடுக்க வேண்டும். எழுத்துக்கள் கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அச்சடித்து முடிந்ததும் மீண்டும் அவற்றைப் பிரித்து, அதனதன் அறையில் போட வேண்டும். நாள் முழுவதும் இதே வேலை. அந்த டைப்புகளில் பெரும் பங்கு ஈயம். அதனோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்திருக்கும்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும், பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயம். அது வேறு. நான் சொல்லும் நஞ்சு காரீயம். காசுக்கு ஆசைப்பட்டு வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து சொம்பு செய்தால், ரசத்தின் புளிப்பு அந்தக் காரீயத்தைக் கரைத்து நம் வயிற்றுக்குள் அனுப்பிவிடும். பென்சிலின் உள்ளே இருப்பதையும் சிலர் காரீயம் என்கிறார்கள். அது கிராஃபைட் என்னும் கரி வகை. அதற்குப் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று நான் எழுதுமிடமெல்லாம் காரீயம் என்றே கொள்ளுங்கள்.

தாத்தாவின் விரல் நுனிகள் எப்போதும் கறுப்பாக இருக்குமாம். காலை பதினொரு மணிக்குத் தேநீரும் வடையும் வரும். அந்தக் கையோடே எடுத்துச் சாப்பிடுவார்கள். டைப் பெட்டியில் தூசி சேர்ந்தால் வாயால் ஊதித் தள்ளுவார்கள். ஈயம் நஞ்சு என்பதை அவர்கள் அறியாதவர்களும் அல்லர். "தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் ஈயம் இறங்கிப் போய்விடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். மாலையில் தாத்தா வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பழம் வாங்கித் தின்றுவிட்டுத்தான் வருவார் என்று என் அப்பா சொல்வார். அந்தப் பழம் பசியை ஆற்றியிருக்கும். ஈயத்தை வெளியேற்றும் சக்தி வாழைப்பழத்திற்குக் கிடையாது.

வேலையை விட்டபின் பதினெட்டு ஆண்டுகள் தாத்தா நன்றாகவே இருந்தார். இரத்தக் கொதிப்புக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டார். 2012இல் கால் வீங்கியது. பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகங்களும் பெருமளவு பழுதாகிவிட்டன என்றார்கள். பிறகு டயாலிசிஸ். 2017இல், நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, தாத்தா இருதயம் நின்று இறந்துபோனார். எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் பாட்டி இன்றும் அவருக்காகச் செபமாலை சொல்கிறார்.

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக ஈயத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. பாட்டியிடம் கேட்டேன்.

"பாட்டி, தாத்தா என்ன வேலை பார்த்தார்னு எந்த டாக்டராவது கேட்டாங்களா?"

"சர்க்கரை இருக்கான்னு கேட்டாங்க, பீடி குடிப்பாரான்னு கேட்டாங்க, உப்பு சேர்ப்பாரான்னு கேட்டாங்க. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன மனுஷன்கிட்ட வேலையைப் பத்தி யாருடி கேப்பா?"

பாட்டியின் இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டவரிடம் வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஈயம் மட்டும் அவரை விட்டுப் போவதில்லையே! அதுதான் இந்த உலோகத்தின் சூழ்ச்சி.

உடலுக்குள் நுழைந்த ஈயம் கால்சியத்தைப் போல வேடம் போடுகிறது. உடலும் ஏமாந்து அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைக்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எலும்பில் போய்த் தங்கிய ஈயமோ பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் அங்கேயே இருக்கும். வளர்ந்தவர்களின் உடலிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. வங்கியில் போட்ட வைப்புத் தொகையைப் போல அது காத்திருந்து, முதுமையில் எலும்பு தேயும்போது சிறிது சிறிதாக மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. அதாவது, ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு அவருடைய எலும்பே தினமும் ஈயம் ஊட்டுகிறது!

அந்த இரத்தம் முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கழிவை மட்டும் வெளியேற்றுகின்றன. அப்படி உறிஞ்சும் நுண்ணிய குழாய்களின் உயிரணுக்களில் ஈயம் போய்ப் படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் குழாய்கள் சேதமடைந்து, அவற்றைச் சுற்றித் தழும்பு உண்டாகிறது. சிறுநீரகமோ பொறுமைசாலி. பெரும் பகுதி கெட்ட பிறகும் முனகாமல் வேலை செய்யும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார்கள். இந்த யானையின் கழுத்தில் மணியே இல்லை.

இருதயத்தின் கதையும் இதோடு பின்னியிருக்கிறது. உடலின் உப்பையும் நீரையும் சரியாக வைத்து இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது சிறுநீரகத்தின் வேலை. அது பழுதானால் இரத்தக் கொதிப்பு ஏறும். அது போதாதென்று, ஈயம் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதையும் தடுக்கிறது. குழாய்களை இறுகச் செய்கிறது. இறுகிய குழாய்களில் இரத்தத்தைத் தள்ள இருதயம் அதிகமாகப் பாடுபடுகிறது. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுப் பாடுபட்டு அதன் சுவர் தடித்துப்போகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வழி பிறக்கிறது. ஏறிய இரத்தக் கொதிப்பு திரும்பவும் சிறுநீரகத்தையே தாக்குகிறது. செக்குமாடு சுற்றுவதைப் போல இந்தச் சுற்று முடிவதில்லை.

இதெல்லாம் வெறும் ஊகமில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். அந்நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேன் என்ற நகரம் இருக்கிறது. வெயில் மிகுந்த ஊர். அங்கே மர வீடுகளும், வீட்டைச் சுற்றி அழகான வராந்தாக்களும் உண்டு. அந்த வராந்தாக் கம்பிகளுக்கும் மரச் சட்டங்களுக்கும் ஈயம் கலந்த வெள்ளை வர்ணம் பூசுவார்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து அந்த வர்ணம் மாவைப் போல உதிரும். குழந்தைகள் அங்கேதான் விளையாடுவார்கள். கம்பியைப் பிடித்த கையை வாயில் வைப்பார்கள். 1892இலேயே அங்குள்ள மருத்துவர்கள் குழந்தைகளிடம் ஈய நஞ்சின் அறிகுறிகளைக் கண்டு எழுதினார்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. 1904இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், "வராந்தாவின் வர்ணத்தைப் பாருங்கள்" என்று சுட்டிக்காட்டினார். பலர் நம்பவில்லை. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் அந்த வர்ணத்தைப் பூசக் கூடாது என்று சட்டம் வந்தது 1922இல்தான். சுட்டிக்காட்டிய பிறகும் பதினெட்டு ஆண்டுகள்!

வரலாறு அத்தோடு முடியவில்லை. பிழைத்து வளர்ந்த அந்தக் குழந்தைகளை மருத்துவர்கள் பிற்காலத்தில் தேடிப் பார்த்தார்கள். ஹென்டர்சன் என்ற மருத்துவர் 1954இல் வெளியிட்ட ஆய்வு நெஞ்சை உருக்குவது. சிறு வயதில் ஈய நஞ்சுக்கு ஆளான பலர் நடுவயதை எட்டும் முன்பே இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலரைக் கொண்டுபோனவை சிறுநீரக நோயும் இரத்தக் கொதிப்பும்தான். ஐந்து வயதில் வராந்தாவில் விளையாடியதற்கு முப்பது வயதில் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். இடையில் எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள், திருமணமும் செய்துகொண்டிருப்பார்கள்.

அந்தக் குழந்தைகளின் உடலில் ஏறிய ஈயம் மிக அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் குறைந்த அளவும் இருதயத்தை விட்டுவைப்பதில்லை என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அமெரிக்க இருதயக் கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை இருதய நோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று குறிப்பிட்டது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 15 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஈயத்தின் பாதிப்பால் இறந்தனர் என்றும், அவற்றில் பெரும்பாலானவை இருதயமும் இரத்தக் குழாய்களும் கெட்டதால் நேர்ந்தவை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தனை பேரின் இறப்புச் சான்றிதழில் எத்தனையில் 'ஈயம்' என்று எழுதியிருப்பார்கள்? 'மாரடைப்பு' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இங்கே என்னோடு வழக்காடும் தோழி ஒருத்தி கேட்டாள்: "உன் தாத்தாவுக்கு ஈயத்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வாய்? அவர் கருவாடும் ஊறுகாயும் விரும்பிச் சாப்பிட்டவர் என்று நீயே சொன்னாயே? அவரோடு வேலை பார்த்த எல்லோருக்குமா சிறுநீரகம் கெட்டது?"

நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தனியொருவரைக் காட்டி, "இவருக்கு ஈயத்தால்தான் வந்தது" என்று இத்தனை ஆண்டு கழித்துச் சொல்வது அரிது. ஆயிரம் பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஈயத்தின் கைவரிசை தெரியும். அதற்காக ஈயம் குற்றமற்றதாகிவிடுமா? கூட்டத்தில் ஒளிந்துகொண்ட திருடனைப் போலத்தான் அது. உப்பு, புகையிலை, முதுமை, தலைவிதி என்று பலர் நடுவில் அதுவும் ஒன்றாக நின்றுகொள்கிறது. நாமும் அதை விட்டுவிட்டு மற்றவர்களையே பிடிக்கிறோம்.

நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் விரும்பவில்லை. அந்த அச்சக வேலைதான் என் அப்பாவையும் அத்தைமார் மூவரையும் படிக்க வைத்தது. அந்த டைப்புகளில்தான் செபப் புத்தகங்களும் பாடநூல்களும் பள்ளி மலர்களும் அச்சாயின. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூல் தொடங்கி, பல நூற்றாண்டுகள் தமிழ் மக்களுக்கு அச்செழுத்தைக் கொடுத்தவை உலோக எழுத்துக்களே. நமக்கு அறிவைக் கொடுத்த கைகள் தங்களுக்கு நஞ்சைச் சேர்த்துக்கொண்டன என்பதை நினைக்கும்போது கோபத்தைவிட வருத்தமே மேலிடுகிறது. தாத்தாவைப் பார்த்த மருத்துவர் வாசலிலும் அன்று ஐம்பது பேர் காத்திருந்திருப்பார்கள்.

ஆனால் என் கருத்தை உறுதியாகச் சொல்வேன். ஈயம் செய்யும் தீங்கு மிகவும் தாமதமாக வருகிறது. வரும்போது அதன் பெயரைச் சொல்லிக்கொண்டும் வருவதில்லை. ஆகவே நோய் வந்தபின் நியாயம் தேடுவது இங்கே பயன்படாது. மிகுதியாக ஈயம் ஏறியவர்களுக்கு அதை வெளியேற்றும் மருந்து உண்டு. ஆனால் தழும்பேறிய சிறுநீரகத்தைப் புதிதாக்கும் மருந்து இல்லை. முன்கூட்டியே கேள்வி கேட்பதுதான் ஒரே வழி. நோயாளியிடம் மருத்துவரும், கடைக்காரரிடம் வாங்குகிறவரும், பெற்றோரிடம் பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேட்க வேண்டும் என்று அவர் மருத்துவர்களுக்கு அறிவுரை கூறினார். முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. என் தாத்தாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று மட்டுமன்று, "முன்பு என்ன தொழில் செய்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும் என்பேன்.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கலாம். அறுபது வயதிலேயே இரத்தத்தில் ஈயத்தைச் சோதித்திருக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்திருக்கலாம். இரத்தக் கொதிப்பை இன்னும் கண்டிப்போடு கட்டுப்படுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் அவர் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கலாம்.

"அச்சகங்களில் இப்போது ஈய எழுத்து ஏது? இந்தக் கவலை பழங்கதை" என்று நினைக்கிறீர்களா? ஈயம் அச்சகத்தை விட்டுப் போயிருக்கலாம். ஊரை விட்டுப் போகவில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளுக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃப் 2020இல் அறிவித்தது. இன்று உலகில் பயன்படும் ஈயத்தில் முக்கால் பங்குக்கு மேல் பாட்டரிகளுக்குப் போகிறது. மின்சாரம் நின்றால் நம் வீட்டு மின்விசிறியைச் சுற்ற வைக்கும் இன்வெர்ட்டர் பாட்டரியும் அவற்றுள் ஒன்று. அது பழுதானதும் வாசலில் வருகிற பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அது கை மாறி, ஏதோ ஒரு கொட்டகையில் உடைபட்டு, திறந்த அடுப்பில் உருகினால், அந்தப் புகையைச் சுவாசிப்பது யார்? நம் வயதுள்ள பிள்ளைகளாகவும் இருக்கலாம். நாளைக்கு அவர்களுடைய சிறுநீரகம் கெடும்போது நம் வீட்டு இன்வெர்ட்டரை யார் நினைக்கப் போகிறார்கள்?

மனம் தளரவும் வேண்டாம். கேள்வி கேட்ட இடங்களிலெல்லாம் பலன் கிடைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பெட்ரோலிலேயே ஈயத்தைக் கலந்து விற்றார்கள். அமெரிக்காவில் அதைக் குறைக்கத் தொடங்கியதும், மக்களின் இரத்தத்தில் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக 1976-80இல் இருந்த ஈயம், 1988-91இல் 2.8 ஆக இறங்கியது. உணவுப் பொருட்களின் டப்பாக்களில் ஈயப் பற்றுவைப்பை நிறுத்தியதும் அதற்கு உதவியது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. வீட்டு வர்ணங்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2016இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, 2017 நவம்பர் முதல், வீட்டு உபயோக வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. ஆனால் தொழிற்சாலைகளுக்கான வர்ணத்தை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. எங்கோ மீந்துபோன அந்த வர்ணம் ஒரு பள்ளியின் ஊஞ்சலுக்கு வந்து சேராது என்று யார் உறுதி சொல்ல முடியும்? நாம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆகவே எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். மே மாத விடுமுறையில் நம் பள்ளியின் கதவுகளுக்கும் சன்னல் கம்பிகளுக்கும், மழலையர் வகுப்பின் ஊஞ்சலுக்கும் வர்ணம் பூசுவது வழக்கம். வர்ணம் வாங்குமுன் டப்பாவின் மேல் ஈய அளவைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு வர்ணங்களில் கூடுதல் கவனம் தேவை. பளிச்சென்ற இந்த நிறங்களில்தான் ஈயம் மிகுதியாக இருந்து வந்திருக்கிறது. பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது உலர்வாகச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டினால் தூசி பறக்காது. அது நம் மழலையருக்கு மட்டுமல்ல, சுரண்டுகிற பெயின்டர் அண்ணன்மாருக்கும் நன்மை. அவர்களும் ஒரு வீட்டின் அப்பாக்கள்தாமே!

பெற்றோர்களே, பழைய பாட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். விலை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. அச்சகத்திலோ, பாட்டரிக் கடையிலோ, வர்ண வேலையிலோ, ஈயம் உருக்கும் பட்டறையிலோ முன்பு வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அருமைத் தோழியரே, நமக்கும் இதில் பங்குண்டு. சன்னல் கம்பியின் பழைய பச்சை வர்ணத்தைக் காம்பஸ் முனையால் சுரண்டிப் பெயர் எழுதுவதை இன்றோடு விடுவோம். மதிய உணவுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். ஈயம் பெரும்பாலும் கையிலிருந்து வாய்க்குத்தான் பயணம் செய்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடலில் இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்திருந்தால், குடல் ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். கேழ்வரகும் முருங்கைக் கீரையும் மோரும் இந்த வகையில் நமக்குக் கவசம். ஒவ்வொரு வாரமும் தருகிற இரும்புச் சத்து மாத்திரையை விழுங்குவதுபோல் விழுங்கி, பிறகு செடிக்குள் துப்புகிறவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும்! பெண்களாகிய நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். ஏனென்றால் எலும்பில் தங்கிய ஈயம் கருவுற்றிருக்கும் காலத்திலும் வெளியே வந்து, வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். இன்று நம் எலும்பில் சேருவது நம்மோடு நின்றுவிடுவதில்லை.

தாத்தா வேலையை விட்டு வரும்போது நினைவுக்காகச் சில டைப்புகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சிறு குழந்தையாக இருந்தபோது, அவர் மடியில் உட்கார்ந்து, 'ம' எழுத்தைக் கையில் அழுத்தி அழுத்தி முத்திரை குத்தி விளையாடுவேன். "கையைக் கழுவிட்டு வா, அப்புறம்தான் சோறு" என்று தாத்தா எனக்கு மட்டும் தவறாமல் சொல்வார். தமக்கு யாரும் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

அந்த டப்பா இன்றும் எங்கள் அலமாரியின் மேல்தட்டில், துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. எடைக்குப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போட்டால் அதையும் யாராவது உருக்குவார்கள்.

தோழியரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தாவிடமும் பாட்டியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். "நீங்க முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.